கானமயிலின் முட்டையும் அத்தையின் அடைக்கோழியும்

பெயரில் மயில் இருக்கிறதே என்று தோகையைத் தேடாதீர்கள். கானமயிலுக்குத் தோகையும் கிடையாது, நீல நிறமும் கிடையாது. மண் நிற முதுகு, வெள்ளைக் கழுத்து, தலையில் குல்லாய் வைத்தாற்போல ஒரு கறுப்புக் கொண்டை, அவ்வளவுதான். சேவல் நிமிர்ந்து நின்றால் எட்டு வயதில் என் நெஞ்சு உயரம் இருக்கும். தூக்கிப் பார்த்தவர்கள் ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் கனம் என்பார்கள். காலில் பின்விரல் இல்லாததால் மரத்தில் உட்கார முடியாது. புல்காட்டிலேயே நடக்கும், வெட்டுக்கிளியும் ஓணானும் பொறுக்கித் தின்னும், துரத்தினால் ஓடும், வேறு வழியே இல்லாவிட்டால்தான் பறக்கும். கூடு கட்டுகிற வம்பெல்லாம் வைத்துக்கொள்ளாது. வெறுந்தரையில் ஒரு முட்டை இடும். ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத்தான் நான் திருடினேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் காடு. கடலைக்காட்டைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். வீட்டில் அப்பா, அம்மா, புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தை, நான். அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். எனக்குப் பிறகு பிறந்த இரண்டு பையன்களும் பத்து நாள்கூடத் தங்கவில்லை. அதனால் பெரியவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. குதிக்காதே, கத்தாதே, வாசல்படியில் நிற்காதே என்று மட்டும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனி மாதத்து முதல் மழை பெய்து புல் துளிர்த்திருந்தது. காலையில் ஆடுகளை ஓட்டிப் போனபோது என் காலடியில் இருந்தே ஒரு பறவை கிளம்பியது. அம்மாடி, எவ்வளவு பெரிய இறக்கை! நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்து பார்த்தால் காய்ந்த புல்லுக்கு நடுவே, கோழிமுட்டையைப் போல ஒன்றரைப் பங்கு பெரிதாக, பாசி நிறத்தில் பழுப்புத் திட்டுத் திட்டாக ஒரு முட்டை. அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. மாமன் மகன் ஒரு கிளியை வைத்துக்கொண்டு பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பறவை என் பின்னால் நடந்து வந்தால் அவன் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். முட்டை என் பாவாடை மடிக்குள் வந்துவிட்டது.

வீட்டில் அத்தை அன்றுதான் கோழியை அடை வைத்திருந்தாள். கூடையில் உமி பரப்பி, இடி இடித்து முட்டை கலங்கிவிடக் கூடாது என்று ஒரு இரும்பாணி, ஒரு அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு, மேலே பதினோரு முட்டை. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். இரட்டைப்படை ஆகாது என்பது அத்தையின் கட்டளை. என்னுடையதைச் சேர்த்தால் பன்னிரண்டாகிவிடும். எனக்கா மூளை இல்லை? கோழிமுட்டை ஒன்றை எடுத்துக் குப்பைக்குழியில் புதைத்துவிட்டு, என் முட்டையை எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளினேன். கோழி என் மணிக்கட்டைக் கொத்தி ரத்தம் வரவைத்தது. முள் கீறியதென்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் அந்தச் சத்தம் கேட்டது. காலிக் குடத்தில் வாயை வைத்து ஊதினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு முனகல். புல்காட்டின் ஏதோ மூலையிலிருந்து வந்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. அதற்கு முன்பும் கேட்டிருக்கலாம். காதில் விழுந்ததாக நினைவில்லை. திருட்டுப் பண்டத்தை வீட்டுக்குள் வைத்திருப்பவளுக்கு எல்லாச் சத்தமும் தன்னைத்தான் கூப்பிடுகிறது.

முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கினாள். "கானமயிலு கத்துது. எவளோ அதும்பட முட்டையத் தொட்டுப்போட்டாளாட்ட இருக்குது."

"தொட்டா என்னாகும் அத்தை?"

"என்னாகுமா? ஒத்த முட்டக்காரி வவுறு எரிஞ்சா சும்மா போவுமா? தொட்டவ ஊட்டுல தொட்டில் ஆடாது சாமி" என்றவள், உள்ளே அம்மா படுத்திருப்பது நினைவு வந்து தன் வாயிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "ஏஞ்சாமி, ஒடம்புக்கு முடியலயா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நான் அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளே அசைந்தால் அன்றைக்குப் பிழைத்தோம். அசையக் கொஞ்சம் தாமதமானால் அசையும் வரை கையை எடுக்க மாட்டேன். முட்டையைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கலாமென்றால் அத்தை கூடையை விட்டு நகர மாட்டேனென்கிறாள். உண்மையைச் சொல்லலாமென்றால் அது அம்மாவின் காதுக்குப் போகும். போதாக்குறைக்குப் புல்காட்டுப் பக்கம் போகவே கால் வரவில்லை. காலையிலும் மாலையிலும் அது முனகிக்கொண்டே இருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு ஏழு நாளை ஓட்டினேன்.

எட்டாம் நாள் விடியற்காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. அப்பா மருத்துவச்சியைக் கூட்டிவர அடுத்த ஊருக்கு ஓடினார். அத்தை வெந்நீர் வைத்தாள். "அக்கட்டால போ அம்மிணி, இங்க நிக்காத" என்று என்னைப் பின்பக்கம் தள்ளினாள். உள்ளே அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அனத்தினாள். அதே சமயம் புல்காட்டிலிருந்து அந்த முனகலும் வந்தது. ஒன்று முடிந்தால் மற்றொன்று. தம்பியின் உயிரை வாங்கிப் போகத்தான் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். கூடையில் கையை விட்டு முட்டையை எடுத்து மடியில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். கோழி போட்ட கூச்சலை யாரும் கேட்கவில்லை.

கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கடலைக்காட்டு வரப்பைத் தாண்டியதும் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ ஒன்று நின்றது. தலை இல்லை. முன்னால் ஒரு வெள்ளைப் பை தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கி ஆடியது. வால் முதுகின் மேல் விசிறியாகக் கவிழ்ந்திருந்தது. அது இரண்டடி நடந்தது, நின்றது, முனகியது. கானமயில் சேவல் கழுத்துப் பையை ஊதிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து அப்படித்தான் நிற்கும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? முனி என்றே நினைத்தேன். பாவாடை நனைந்துவிட்டது. ஓடலாமென்றால் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. ஓடினால் அங்கே அம்மா பிழைக்க மாட்டாள்.

அப்போது பக்கவாட்டுப் புல்லை விலக்கிக்கொண்டு இன்னொரு பறவை வந்தது. சின்னது, கழுத்தில் அழுக்கு வெள்ளை. அன்றைக்கு என்னை விழவைத்துவிட்டுப் பறந்த பெட்டை அதுதான் என்று சத்தியமே செய்வேன். முட்டையை அதற்கு எதிரே வைத்துவிட்டு, அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "உன்ற முட்டைய நீயே எடுத்துக்க சாமி. என்ற தம்பிய உட்டுரு. அம்மாவ உட்டுரு."

பெட்டை நின்றது. கழுத்தைச் சாய்த்து முட்டையை ஒருமுறை பார்த்தது. வழியில் கிடக்கிற கல்லைச் சுற்றிப் போவதுபோல அதைச் சுற்றிக்கொண்டு சேவலிடம் போனது. மன்னித்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து எடுத்த ஓட்டத்தில் வழியிலிருந்த முள் ஒன்றும் உறைக்கவில்லை.

மருத்துவச்சியை உள்ளே அனுப்பிவிட்டு, வீட்டு வாசலில் அப்பா முழங்காலில் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் தாமதித்துவிட்டேன் என்று எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு உள்ளேயிருந்து வீல் என்று ஒரு குரல். அத்தை ஓடிவந்து, "பையன்! நல்லாக் கத்தறான்!" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். தம்பி பிறந்த சந்தோஷம் பாரு இவளுக்கு என்றார்கள்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலை புல்காட்டில் அதே முனகல். முட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகும் எதற்கு அழுகிறது? ஒரு மாதம் தம்பியின் தொட்டிலுக்குக் கீழே விளக்குமாற்றோடு காவல் உட்கார்ந்தேன். அவன் கொழுகொழுவென்று வளர்ந்தான். அத்தைதான் பதினோரு முட்டைக்குப் பத்துக் குஞ்சு பொரித்த கணக்குக்குக் கீரியைத் திட்டித் தீர்த்தாள்.

கல்யாணமாகிப் போன ஊரில் எங்கள் காட்டுக்குக் காடை பிடிக்க வருகிற ஒருவரிடம் வெகு நாள் கழித்து இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அது எதுக்குங்க அழுவுது? சேவல் கத்தறது பெட்டயக் கூப்படறதுக்குங்க. முட்டையப் பத்தி அதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. முட்ட போச்சுன்னா இன்னொண்ணு வெக்கோணும்னு பெட்ட அதுகிட்டயே திரும்பி வருமுங்க."

அவர் கண்ணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேலை ஓடாமல் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தம்பி பிறந்த அன்று மாலை நடந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மா அவனை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை என் தலையையும் அவன் தலையையும் வழித்து நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். பொண்ணொண்ணு பையனொண்ணு, உனக்கு ரெண்டாச்சு, இனி என்ன குறை என்றாள்.

அம்மா தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நாலுங்க" என்றாள்.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வலியில் அம்மாவுக்குக் கணக்கு மறந்துவிட்டது என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ரெண்டுதாம்மா" என்று நான்தான் திருத்தினேன்.