துட்டு கொடுத்து ஏறிய ஏஜெண்டு

சபையாரே, என் வாய் உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு மட்டும் சிரிக்காமல் கேளுங்கள்.

என் தாய்மாமன் ஒரு பழைய மோட்டார் வாங்கினார். சொந்த உபயோகத்துக்கு என்று இன்ஷூரன்ஸ் எழுதிவிட்டு, என்னை டிரைவராக வைத்து வாடகைக்கு ஓட்டினார். காசிமேட்டிலிருந்து யானைக்கவுனிக்கு மீன்காரிகளைக் கூடையோடு ஏற்றிப் போவேன். அவர்களில் ஒருத்தி என் அம்மா, மாமாவின் சொந்த அக்கா. அவளிடமும் வண்டிக்கூலி வாங்கச் சொல்வார்.

பிரேக் சரியில்லை. துட்டு கொடுத்து ஏறினவர்கள் அடிபட்டால் கம்பெனி காலணா தராது என்று சிநேகிதன் ஒருவன் சொன்னான். மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, வாடகை வண்டின்னு மாத்தி எழுதிடேன்."

"அதுக்கு மேல துட்டு கேப்பான்டா. உங்கம்மா இன்னா கண்ணாடியா, ஒடையறதுக்கு?"

இன்ஷூரன்ஸ் எழுதிய ஏஜெண்டிடமே போய்ச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முன்பு அவர் விசாரித்தபோதெல்லாம், "வாடகையா? மீனுக்குக் கடல்காத்து காட்டிகினு வரேன் சார்" என்று கேலி பண்ணியவன் நான்தானே! நிஜமும் தமாஷாகிவிட்டது.

வண்டியை ஓரங்கட்டி அழுதேன். "ஆண்டவரே, மாமா மனசைத் திருப்பும். இல்லையென்றால் என் பேச்சை ஒருத்தராவது நம்பப் பண்ணும்."

மாமா மனசு திரும்பவே இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை. பிய்ந்த குடையோடு ஒருவர் கை காட்டினார். அதே ஏஜெண்டு! என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்னால் ஏறினார். அம்மா விடவில்லை.

"சார், துட்டு குட்துட்டு குந்து. பெத்த புள்ள வண்டிக்கே நான் குட்துதான் வரேன்."

கொடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொன்னியா?"

மறுநாளே மாமாவிடம் போய் மேல்பணம் வாங்கி, வாடகை வண்டி என்று மாற்றி எழுதினார். அன்றே மாமா என்னைத் துரத்தினார். வேறு டிரைவர் வந்தான்.

மார்கழியில் பிரேக் பிடிக்காமல் வண்டி சுவரில் மோதியது. அம்மாவின் வலது கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்தது. "முன்யோசனையா நான்தான் எழுதி வெச்சேன்" என்று மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன். அம்மா நொண்டிக்கொண்டே கூடை சுமக்கிறாள். பிரேக்கையும் நீர் பார்த்திருக்கக் கூடாதா என்று ஆண்டவரிடம் இன்னும் கோபித்துக்கொள்கிறேன். ஆனால் கேலிக்காகக்கூட யாரிடமும் பொய் சொல்வதில்லை.

கேட்டதில் பாதிதான் தந்தார். அந்தப் பாதியில்தான் என் அம்மா எழுந்து நிற்கிறாள். அதற்காக ஸ்தோத்திரம். நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதில் ஒருநாள் நனைந்துபோய், பிய்ந்த குடையோடு கை காட்டும். வண்டியை நிறுத்துங்கள்.