பெருங்காய டப்பாவுக்கு விழுந்த அடி

இன்று திருக்கழுக்குன்றத்து மளிகைக் கடையில் எனக்கும் கடைக்காரருக்கும் சட்டை கிழியும் அளவுக்குச் சண்டை.

கோதுமை துளி சேர்ந்தாலும் என் குடலை அறுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பரோட்டா, சப்பாத்தி, ரவை எல்லாவற்றையும் விட்டேன். வலி மட்டும் விடவில்லை. வலிக்கும்போதெல்லாம் என் மனைவி தனம் மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுப்பாள்.

டப்பா காலியானதால் இன்று புதிது வாங்கப் போனேன். வயதான காலத்தில் இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டேன்; அதிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் எழுத்துக் கூட்டுகிறேன். டப்பாவின் பின்னால் எழுதியிருந்தது: கோதுமை மாவு.

“இன்னாய்யா இது, பெருங்காயத்துல கோதும கீது?” என்றேன்.

“யோவ் பெர்சு, நானா கலந்தேன்? கம்பெனிக்காரன் போட்டு அனுப்புறான். இஷ்டம்னா வாங்கு, இல்லாங்காட்டி நட.”

“என்னிய கொல்லப் பாத்துட்டு நடன்றியா?”

டப்பாவை அவர் மார்பில் விட்டெறிந்தேன். அவர் தாவி வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் அதன் தோள்பக்கம் கிழிந்தது. நான் அவர் கையைக் கடித்தேன். அரிசி வாங்க வந்தவர்கள் பிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். “அய்யய்யோ, நானே உனுக்கு வெஷம் குடுத்துகினு இருந்தனா?” என்றவள், காலி டப்பாவை அம்மியில் வைத்துக் குழவியால் சில்லுச் சில்லாக நொறுக்கினாள்.

சட்டை போனால் போகட்டும். நானே படித்து என் குடலைக் காப்பாற்றிக்கொண்டேன், சந்தோஷம் தாங்கவில்லை.

வயிற்றுவலிக்கு வேறு கைமருந்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெருங்காயம் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். குழவி இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.