அரிசிம்பருப்பில் கலந்தது

நான் செய்கிற அரிசிம்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டவர்கள் இன்னொரு கரண்டி கேட்காமல் எழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட வேண்டும், நெய்யில் கஞ்சத்தனம் கூடாது, அவ்வளவுதான். என் பேத்திக்குச் சட்டியில் அடிப்பிடித்த சோறு என்றால் உயிர். அவளும் மருமகளும் தாராபுரம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் மகன் குடியை விட்டால்தான் திரும்பி வருவார்களாம்.

குடியை நிறுத்தும் மாத்திரை என்று ஒன்றைக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரருக்கு அதில்தான் குடி நின்றதாம்.

"பொடி பண்ணிச் சோத்துல போட்டுருங்கக்கா. மணமுமில்ல, ருசியுமில்ல. உங்க பையன்கிட்ட மூச்சு உட்றாதீங்க."

எனக்கு எழுத்துத் தெரியாது. அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று யாரிடமும் கேட்கவுமில்லை. மதுக்கரையில் எங்கள் தெருவில் இது புதிசில்லை. ரேஷன் வரிசையில் நின்றால் இந்தப் பேச்சுத்தான்.

மகன் காய்ச்சலென்று மூன்று நாள் குடிக்கப் போகாமல் வீட்டில் இருந்தான். மூன்று நாளும் கலந்து போட்டேன்.

"என்னம்மா, நெய்யி இப்படி மெதக்குது?" என்று சிரித்துக்கொண்டே தட்டை வழித்துத் தின்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தனை சந்தோஷத்தோடு, பெற்ற பிள்ளையை ஏமாற்றினேன்.

நாலாம் நாள் காலையிலும் போட்டேன். தின்றுவிட்டு வெளியே போனவன் மத்தியானம் குடித்துவிட்டு வந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலே தெரிந்தது. வாந்தி எடுத்தான், மூச்சு திணறியது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டாக்டர் சின்னப் பெண். "என்னம்மா சாப்பிட்டாரு?" என்றாள்.

"அரிசிம்பருப்புங்க அம்மணி. சுடச்சுட."

"மாத்திரை ஏதாச்சும்?"

"இல்லீங்க."

மகன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறைக்காதீங்கம்மா. உசுரு போயிரும்" என்றாள் டாக்டர்.

"சோத்துல கலந்து போட்டேனுங்க. குடிய நிறுத்தற மாத்திரைங்க."

"ஏம்மா, சோத்துலயா?" என்று மட்டும் கேட்டான் மகன்.

பிழைத்துக்கொண்டான். குடி நோய்க்காரர்கள் வார்டில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். அனுப்பும்போது டாக்டர் அதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு விளக்கி, அவன் தலையாட்டிய பிறகுதான் கொடுத்தாள்.

"இனி அவருக்குத் தெரிஞ்சுதான் குடுக்கணும்மா. தெனமும் காலைல உங்க கையால குடுத்து, முழுங்கறதப் பாருங்க."

அங்கே தலையாட்டினான். வீட்டில் என் கையிலிருந்து தண்ணீர்கூட வாங்குவதில்லை. குழாயில் அவனே பிடித்துக் குடிக்கிறான். சோற்றை எடுத்து வைத்தால், "இன்னிக்கு என்ன மருந்தும்மா?" என்று சிரிக்கிறான். அவன் கண்ணெதிரே நானே முதல் வாய் அள்ளித் தின்று காட்டினேன்.

"நல்லா இருக்குதா? நீயே தின்னு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். எந்தக் கடை என்று சொல்ல வேண்டுமா?

மாத்திரை அட்டை அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் பிரிக்காமல் கிடக்கிறது.

நேற்று மருமகள் போன் செய்தாள். பின்னால் பேத்தியின் சத்தம் கேட்டது.

"மாத்திர ஒழுங்கா போடறாருங்களா அத்தை? போட்டா நாங்க வாரோமுங்க."

போடுகிறான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல அம்மணி. வராதீங்க" என்றேன்.

அப்புறம் சட்டியின் அடியைச் சுரண்டி நானே தின்றேன்.