ஆலாக் குஞ்சு கக்கிய நாக்குமீன்

தூத்துக்குடிக் கடற்கரையில் கிளாடிஸ் வீடு எது என்று கேட்டால், எந்தக் கிளாடிஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். சங்கு குளித்த சவரிமுத்தின் மூத்த மகள், விசைப்படகுக்காரன் ரோச்சின் அக்காள், மாலத்தீவுக்குத் தோணியில் போகிற ஜேசுதாசனின் பெண்டாட்டி என்று மூன்று வழியாகவும் சொன்னால்தான் சரியான வாசலைக் காட்டுவார்கள். ஆலாக் கிளாடிஸ் என்று ஒரே பேச்சில் காட்டத் தொடங்கியது போன வருஷத்துக்குப் பிறகுதான்.

அவள் தொழில் கருவாடு. நல்ல மீனை வியாபாரிகள் எடுத்துக்கொண்டு போனபின், வாலும் தலையுமாகக் குழம்பிக் கிடக்கும் கழிவு மீன் தம்பியின் படகிலிருந்து அவள் கொட்டகைக்கு வரும். முப்பது வருஷம் அதைத் தரம் பிரித்த கை. பாதி வால் கிடைத்தால் மீதி மீன் இன்னதென்று சொல்லிவிடுவாள்.

அந்தக் கையைத் தேடித்தான் சரண்யாதேவி வந்தாள். ஆத்தூர்ப் பக்கத்து நெல் விவசாய வீட்டுப் பெண். பல்கலைக்கழகத்தில் கடற்பறவை ஆராய்ச்சி செய்கிறவள். கடலுக்குள் ஒரு மணல்திட்டில் ஆலாக்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே போய், குஞ்சைத் துணிப்பையில் போட்டு எடை பார்ப்பாள். இறக்கை நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். பயந்த குஞ்சு தின்றதைக் கக்கும். அதையும் விடாமல் ஸ்பிரிட் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தாள். குஞ்சுகள் ஏன் வருஷத்துக்கு வருஷம் மெலிகின்றன என்று கண்டுபிடிக்க அவை தின்பது என்னவென்று தெரியவேண்டும். அரைகுறையாகச் செரித்த அந்தத் துணுக்குகளுக்குப் பெயர் சொல்லத்தான் ஆளில்லை.

கிளாடிஸ் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். "இதென்னளா, ஊறுகா போட்டுக் கொண்டாந்திருக்க?" என்று கேட்டுவிட்டு, உள்ளங்கையில் கொட்டி நெத்திலி, சாளை, முரல் என்று பிரித்து வைத்தாள். எல்லாம் மேல்தண்ணீரில் திரிகிற மீன். ஆலா முங்கி நீந்துகிற பறவையல்ல. பாய்ந்து மேலாகக் கொத்துகிற பறவை. கணக்கு சரியாக இருந்தது. அதற்கப்புறம் சரண்யா திட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

போன ஜூன் முதல் வாரம் போனபோது மூன்று குஞ்சுகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. கிளாடிஸ் ஒன்றின் தொண்டையிலிருந்து இழுத்தாள். தட்டையாக, இலை மாதிரி, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். நாக்குமீன். சேற்றில் ஒட்டிப் படுத்துக் கிடக்கிற மீன் ஆலாவுக்கு எட்டவே எட்டாது. உயிரோடிருந்த குஞ்சுகளும் அதையே கக்கின. விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். நண்டு வலைக் கண்ணில் அது நழுவிப் போய்விடும். அந்தப் பக்கம் பாறை, கரைவலை இழுக்க முடியாது. அடிமண்ணை வாரிக்கொண்டு வருகிற விசைப்படகு மடிவலை ஒன்றில்தான் அது நிற்கும். விசைப்படகுகளுக்கோ அப்போது தடைக்காலம். மீன் பெருகட்டும் என்று அரசாங்கம் கட்டிப்போட்டிருந்த அறுபத்தொரு நாள் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

சரண்யா எழுதிக்கொண்டாள். தடையை மீறிப் போன ஏதோ படகு கொட்டுகிற மீனை ஆலாக்கள் பொறுக்கிக்கொண்டு போய் ஊட்டுகின்றன. சப்பட்டை மீன் குஞ்சின் தொண்டையில் அடைக்கிறது. யார் படகு என்று கிளாடிஸுக்குத் தெரியாது. ஆகஸ்டில் கோயில் மண்டபத்தில் ஊராருக்கு முடிவுகளைச் சொல்லப் போகிறார்கள் என்று பேச்சு பரவியது. முந்தின நாள் சாயங்காலம் ரோச் கொட்டகைக்கு வந்து நின்ற நிற்பில் அது அவன் படகுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எக்கா, அது நண்டு வலையில விழுந்த மீனுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உன்ன மறுத்து யாரு பேசப் போறா?"

"நண்டு வலைக் கண்ணுல எங் கையே போவும்ல. விரல் நீள நாக்குமீனு எப்படி நிக்கும்?"

ரோச் தலையைச் சொறிந்தான். ரெண்டே தடவைதான் போனதாகவும், கழிவைக் கரைக்குக் கொண்டுவந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று திட்டுப் பக்கம் கொட்டினதாகவும் சொன்னான்.

"நீ ஒளிச்சத ஆலா தூக்கியாந்து எங் கையிலயே குடுத்துருச்சு பாத்தியா," என்றாள் கிளாடிஸ்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நீ மாற்றிச் சொல்லாவிட்டால் என் படகுக் கழிவு இனி இந்தக் கொட்டகைக்கு வராது என்றான். அவளுக்கு அது ஒன்றுதான் பிழைப்பு, இருவருக்கும் தெரியும். வராவிட்டால் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள்.

மறுநாள் மண்டபத்தில் சரண்யா அவளைக் காப்பாற்ற நினைத்து, மீனை அடையாளம் சொன்னவர் உள்ளூர் மீனவப் பெண் ஒருவர் என்று மட்டும் வாசித்தாள். முன்வரிசையில் ஒரு படகுக்காரர் எழுந்தார். பேரில்லாத பொம்பளை சொன்னதெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

கிளாடிஸ் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். "பேரு இருக்கு அண்ணாச்சி. ஏளா சரண்யா, எழுதிக்கோ. சவரிமுத்து மக கிளாடிஸ்."

"அப்பா பேர ஏன்க்கா இழுக்க?" என்றான் ரோச்.

"அப்பா உனக்கு மட்டுமால அப்பா?"

வயசாளிகளுக்குச் சவரிமுத்தைத் தெரியும். முத்துக்குளிக்கு முன்னால் கடலடிப் பாரில் சிப்பி முற்றிவிட்டது என்று சொல்லச் சொன்ன பெரிய ஆட்களிடம், முற்றவில்லை, நான் தொட்டுப் பார்த்தேன் என்று சொல்லி, அதனால் ஒரு வருஷம் வேலையில்லாமல் கிடந்தவர்.

அப்படியானால் எந்தப் படகென்றும் சொல் என்றார் முன்வரிசைக்காரர்.

"ஆலா மீனைத்தான் கக்குச்சு அண்ணாச்சி. போட்டு நம்பரைக் கக்கல. வேணும்னா நீங்களே திட்டுக்குப் போய்க் கேளுங்க."

இந்தத் தடவை சிரித்தது பின்வரிசை. அறிக்கையில் அவள் பெயர் அப்பா பெயரோடு ஏறியது.

ரோச் சொன்னபடியே செய்தான். மறுநாள் கொட்டகைக்குக் கூடை வரவில்லை. கிளாடிஸ் காத்திருக்கவில்லை. ராத்திரி எட்டரைக்கு, படகுகள் கரை அணைகிற நேரத்துக்கு, துறைக்கே போனாள். ரோச்சின் படகுக் கழிவு குவியலாக ஏலத்துக்குக் கிடந்தது. கோழித்தீவன வியாபாரி விலை சொன்னான். அதற்கு மேலே ஒரு விலை, அவள் குரலில். ஏலக்காரர் ரோச்சைப் பார்த்தார்.

"அவன ஏன் பாக்கீய? ஏலத்துல யாரும் கேக்கலாம்லா?" என்றாள்.

ரோச் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏலக்காரர் மூன்று தரம் சொல்லி முடித்தார். கிளாடிஸ் குனிந்து கூடையில் அள்ளினாள். கையில் ஒரு நாக்குமீன் தட்டுப்பட்டது. அதைத் தூக்கித் தம்பிக்கு ஒருமுறை காட்டிவிட்டு, கூடைக்குள் போட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.