வாளிக்குள் போன நிக்கல் குழாய்கள்

2007இல் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியைக்குப் பயந்த மாதிரி நான் பேய்க்கும் பயந்ததில்லை, பிற்பாடு பிரசவத்துக்கும் பயந்ததில்லை. மேடம் குரலை உயர்த்தவே மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். அவ்வளவுதான், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

என் வேலை, தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத நிக்கல் குழாய்கள் செய்வது. அதற்கு அச்சு ஒரு அலுமினா வில்லை. நாணயம் அளவு இருக்கும், அப்பளம் மாதிரி நொறுங்கும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை போகும். பச்சை நிற நிக்கல் கரைசலில் அதை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் துளைகளின் சுவரில் உலோகம் படியும். துளை அடைபடுவதற்குள் நிறுத்தினால் குழாய், அசந்துவிட்டால் கம்பி. பிறகு வில்லையைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தால் குழாய்கள் மட்டும் கறுப்புத் தூளாக மிஞ்சும். கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த என் அத்தா, உடைந்த வில்லை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எங்க சல்லடையில கண்ணாச்சும் தெரியும். இதுல ஓட்டை எங்கன இருக்கு?" என்று சிரித்தார்.

அப்படி இரண்டை உடைத்திருந்தேன். மூன்றாவது, மேடம் தன் சொந்த ஆராய்ச்சிக்கென்று பீரோவில் வைத்திருந்த கடைசி வில்லை. அதை என் கையில் வைத்து, "இதுவும் போச்சுன்னா இந்த வருசம் உனக்கு டிகிரி இல்ல" என்றார். கண்ணாடி அப்போது மேஜையில் இருந்தது.

மூன்றாவது உடையவில்லை. நிக்கல் படிந்தது, வில்லை கரைந்தது. மிஞ்சியது கழுவும் வேலைதான். பீக்கருக்கு அடியில் காந்தத்தைப் பிடித்துக்கொண்டால் தூள் அடியிலேயே நிற்கும், மேலே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றலாம். அப்படி ஏழெட்டு முறை. நல்ல காந்தம் கல்லூரிக்கே ஒன்றுதான், அது இயற்பியல் துறையின் சொத்து. நாலரைக்கு அவர்கள் ஆய்வகத்தைப் பூட்டுவதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். கடைசிக் கழுவலில் நிற்கிறேன், உதவியாளர் அண்ணன் வாசலில் வந்து கையை நீட்டினார்.

"காந்தத்தைக் குடும்மா, பூட்டணும்."

இடது கையால் காந்தத்தைக் கொடுத்தேன். வலது கை, பழகிய பழக்கத்தில், பீக்கரைத் தொட்டியில் சாய்த்தது. கறுப்புத் தண்ணீர் போவதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

தொட்டியின் கழிவுக் குழாய் உடைந்து கிடந்ததால் அடியில் ஒரு பழைய இரும்பு வாளி வைத்திருந்தார்கள். எல்லாம் அதற்குள் போயிருந்தது. காந்தத்தைத் திரும்பக் கேட்க ஓடினேன். அண்ணன் பூட்டிவிட்டுப் போயிருந்தார். வாளியை மூலையில் தள்ளி, மேலே அட்டையைப் போட்டு மூடிவிட்டுக் கம்பம் பஸ் ஏறினேன். காலையில் வாளியைக் கொட்டிக் கழுவுவார்கள் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து, கேட்டிலிருந்து ஓடினேன். வாளி அங்கேயே இருந்தது.

இயற்பியல் ஆய்வகம் திறந்ததும் காந்தத்தை வாங்கிவந்து, பாலிதீன் பையில் சுற்றி வாளிக்குள் துழாவினேன். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வாளியே இரும்பு, உள்ளே செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அதுவும் காந்தத்தில் ஒட்டும். எது என் நிக்கல், எது வாளி என்று எனக்கே தெரியாது. குப்பியில் அடைத்து, பெயரெழுதி, மேடத்திடம் கொடுத்தேன். வாளி விஷயத்தைச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் இருவரும் மதுரை போனோம், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க. ஆண்டிபட்டிக் கணவாய் வரை யா அல்லாஹ், யா அல்லாஹ் என்றே வந்தேன். திரையில் முதலில் வெறும் கட்டிகள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கருவியை இயக்கியவர் ஓரத்துக்கு நகர்த்தினார். அங்கே இருந்தன, கட்டு கட்டாக, வாய் திறந்த குழாய்கள்.

"குழாயேதான்!" மேடம் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "மிச்சத் தூளை நாளைக்கே காந்த அளவீட்டுக்கு அனுப்பிருவோம். பேப்பரே போட்டுரலாம்."

படத்துக்கு நல்ல ஓரமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அளவீட்டுக் கருவி ஓரம் பார்க்காது, வாளியையும் சேர்த்துத்தான் அளக்கும். அந்தப் பொய் எண்ணுக்குக் கீழே மேடத்தின் பெயர் இருக்கும். எட்டு நாள் பயந்த பயம் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு நிமிடத்துக்கு ஈடில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் திட்டவில்லை. கருவிக்காரரிடம், "குழாயையும் எடுங்க, கட்டியையும் எடுங்க" என்றார். அளவீடு வேண்டாம், ஆய்வேட்டில் படத்தோடு நடந்ததை அப்படியே எழுது, அது போதும் என்றார். ஆக, டிகிரி போகவில்லை.

பஸ் நிலையத்தில் இரண்டு டீ வாங்கினார். ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா சேர்ந்து பிரிச்சிருக்கலாம். எட்டு நாளு... என்னையக் கண்டா அம்புட்டுப் பயமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று இன்னொரு பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை.

"ஆமா மேடம்."

அவர் அந்த டீயைக் குடிக்கவில்லை.