நின்றுபோன விசிறி

அன்று என் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, அவள் தம்பி, ஜவுளிக்கடை அண்ணாச்சி. மேசைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள், என்னுடையதும் மைத்துனனுடையதும், பக்கவாட்டு மூடியைக் கழற்றிய கோலத்தில்.

எனக்கும் மைத்துனனுக்கும் ஒரே தொழில். பண்டிகை நெருங்கினால் சாயர்புரத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆட்டோவில் ஒலிக்கும் விளம்பரக் குரல் எங்களில் ஒருவருடையதாக இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தொண்டைதான் சோறு போட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் பேசிப் பதிவோம்; பதிவில் விழும் அதன் விசிறிச் சத்தம் ஆட்டோ இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஆனால் அண்ணாச்சி இப்போது அதே பதிவை வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார். போன தடவை என்னுடையதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "கொரல் நல்லாத்தான் இருக்கு. பொறத்தால என்னல, வண்டு ஒண்ணு பறக்கு?" என்றார்.

மைத்துனன் பதிவில் வண்டு இல்லை. அது என்னைத் தின்றது. அவனிடமே கடன் வாங்கி, கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்க, சத்தம் குறைவென்று சொன்ன, இரட்டை விசிறி வைத்த பெரிய கூலராக வாங்கி மாட்டினேன். அவனிடம் இருப்பது உப்புக்காற்றில் வெளுத்துப்போன பழைய ஒற்றை விசிறி.

"ரெண்டையும் ஒரே ரூம்ல ஓட்டுங்க. எது சத்தம் போடலையோ அவனுக்குத் தீவாளி வேலை முழுசும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி உட்கார்ந்தார். மனைவி சீலிங் பேனையும் பிரிட்ஜையும் நிறுத்தினாள். ஹார்பர் லாரி ஒன்று தெருமுனையைக் கடக்கும்வரை காத்திருந்தோம். பிறகு சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து, போனை என் கூலர் பக்கம் பிடித்தாள். நாற்பத்தொரு டெசிபல். அவனுடையதில் முப்பத்திரண்டு.

"ஏளா, போனைத் தள்ளிப் பிடிச்சிருக்க."

"ஆமா, தம்பிக்காகக் கையச் சுருக்கிக்கிட்டேன். நீங்களே பிடிங்க."

பிடித்தேன். அதே முப்பத்திரண்டு. குனிந்து உள்ளே பார்த்தேன்.

"ஏலே, இது ஓடவே இல்லையே!"

மைத்துனன் வயரில் தொங்கிய ஒரு சின்ன சுவிட்சைத் தூக்கிக் காட்டினான். "பேசுதப்போ மட்டும் அமத்திருவேன் அத்தான். ஒரு நிமிசந்தான. அதுவரைக்கும் சூட்ட அந்த அலுமினியக் கட்டி தாங்கிக்கிடும்." சுவிட்சைத் தட்டினான். அவன் விசிறி என்னுடையதைவிடப் பெரிதாக இரைந்தது.

"அண்ணாச்சி, இது கள்ள ஆட்டம்."

"அவன் காத்தாடிய நிறுத்துதானோ மூச்ச நிறுத்துதானோ, எனக்கென்னல? நீயும் நிறுத்து. உன் கொரல்தான் எனக்குப் புடிக்கும்."

நான் பதில் சொல்லுமுன்பே மைத்துனன் தன் கம்ப்யூட்டரை அணைத்து, சுவிட்சைக் கழற்றி என் கூலரில் மாட்டிவிட்டான். மைக் முன்னால் உட்கார்ந்து அதை அமர்த்தினேன். என் அறை அவ்வளவு அமைதியாகி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட யாரோ என்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. தீபாவளித் திருநாளை முன்னிட்டு என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி வருவதற்குள் ஏதோ தீயும் வாடை அடித்தது. சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

"ஒண்ணும் தீயல, பேசுங்க" என்றாள் மனைவி.

மறுபடி அமர்த்தினேன். கண் வரியில் நிற்கவில்லை, திரையில் ஏறும் சூட்டின் எண்ணிலேயே நின்றது. பட்டுச்சேலை என்ற இடத்தில் குரல் நடுங்கிவிட்டது. பதிவைக் கேட்ட அண்ணாச்சி, "என்னல, சேலை விக்கியா, எழவு சொல்லுதியா? வண்டே தேவலாம்" என்றார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மைத்துனன் சிரித்திருந்தாலாவது திட்டியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

என்னுடையதை அணைத்து, சுவிட்சைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு கொட்டாவி விட்டு, அமர்த்தி, ஒரே மூச்சில் படித்து முடித்தான். உருப்படியான குரலா அது? பட்டுச்சேலையை பஸ் டைம் மாதிரி வாசிக்கிறான். என் குரலை அவனுக்குக் கொடுத்தால்கூட எனக்கு இத்தனை எரியாது. அந்தக் கொட்டாவிதான். என் கை வியர்த்த அதே சுவிட்சைத் தொடும் முன்னால் ஒருவனுக்குக் கொட்டாவி வருகிறதே! சமையல் கேஸை மூடினோமா என்று படுக்கையிலிருந்து எழுந்துபோய்ப் பார்க்கிறவன் நான். அவன் படுத்தால் தூங்கிவிடுகிறான்.

அட்வான்ஸை அண்ணாச்சி அவன் கையில் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவன், "கூலர் பாக்கிய மெதுவா தாங்க அத்தான். கவலப்படாதீங்க" என்றான். கவலைப்படாமல் இருப்பதை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறான்!

என் கூலரின் இரண்டு விசிறிகளும் நான் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதற்காக அவனுக்கு இன்னும் தர வேண்டியது ஆயிரத்து எழுநூறு ரூபாய்.