வண்டிக்கு அடியில் யாரும் இல்லை

பேக்கரி வண்டி ஓட்டுகிறவரை அந்த வட்டாரமே 'ரொட்டிக்காரர்' என்றுதான் கூப்பிடும். கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்கும்போது ரொட்டி வாசலில் இருக்கும், அவ்வளவு கறார். இத்தனை வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் வண்டி பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போட்டதும், 'யார் மேலேயோ ஏற்றிவிட்டாய்' என்று ஓர் எண்ணம் பொறிதட்டியது. திரும்பிப் போய்ப் பார்த்தார். வெறும் பள்ளம். கிளம்பி இரண்டு தெரு தாண்டுவதற்குள், 'சரியாகப் பார்த்தாயா? சாக்கடையோரம் கிடந்தால்?' என்றது அது. மறுபடி திரும்பினார். அதன்பிறகு எந்த மேடுபள்ளமும் அவரைச் சும்மா விடவில்லை. ரொட்டி தாமதமாக, கடைக்காரர்கள் வறுத்தெடுத்தார்கள்.

மனைவியின் தம்பி வண்டி மெக்கானிக். வேலை முடிந்ததும் நேராக அவன் பட்டறைக்குத்தான் போவார்.

"மச்சான், பம்பர்ல ரத்தம் ஏதாவது இருக்கா பாரேன்."

"கொசு ரத்தம் கொஞ்சம் இருக்கு மாமா, கேஸ் போட்டுடலாமா?" என்று கிண்டலடித்தாலும், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பான். "ஒண்ணுமே இல்ல. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அந்த நிம்மதி வீட்டு வாசல் வரைக்கும்கூடத் தாங்காது.

ஒருநாள் குழாயடியில் அவர் சட்டைக்கையை மடித்தபோது, முன்கையில் பல் பதிந்த காயங்களை மச்சினன் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா இது?"

"நாந்தான் கடிச்சுக்கிட்டேன்." அவர் தலை நிமிரவில்லை. "ஒரு உசுர எடுத்துட்டு நாம மட்டும் நல்லா இருக்கலாமான்னு தோணுது. வலிச்சா அது கொஞ்ச நேரம் வாய மூடும். அப்புறம் பழைய குருடிதான்."

மச்சினன் அதட்டவில்லை. "அக்காகிட்ட சொல்லிடலாம். நாளைக்கு டாக்டரப் பாக்குறோம்" என்றான்.

மனநல மருத்துவர் முகம் சுளிக்காமல் முழுவதையும் கேட்டார். "இது உங்க குணம் இல்லைங்க, எண்ணச் சுழற்சி நோய். யாருக்கும் தீங்கு வந்துடக் கூடாதேன்னு தவிக்கிறவங்களையே இப்படிப் பிடிச்சு ஆட்டும். மருந்தும் பயிற்சியும் சேர்ந்தா அடங்கும்." பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "நீங்க தினம் 'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்றது அதுக்குத் தீனி. அத நிறுத்தணும்."

மச்சினனின் முகம் தொங்கிப்போனது. அன்பு என்று நினைத்துச் செய்தது அதுதானே.

மருந்து கொஞ்சம் பிடித்த பிறகு, மருத்துவர் சொன்னபடி, திரும்பிப் போய்ப் பார்க்காமல் ஓட்டும் பயிற்சிக்காக அவன் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். வண்டி ஒரு பள்ளத்தில் குதித்தது. ரொட்டிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. திரும்பிப் போகவில்லை, ஓரங்கட்டி நிறுத்தினார்.

"மச்சான், யாரும் இல்லல்ல?"

"கேக்காதீங்க மாமா. சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு தடவ சொல்லுடா."

"மாட்டேன்."

"நீயெல்லாம் ஒரு மனுஷனா!" என்று கத்தியவரின் கை வாய்க்குப் போனது. மச்சினன் அதைப் பிடித்துக்கொண்டான். "நல்லா திட்டுங்க. கை மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

பயம் தலைக்கு மேல் ஏறியது. பிறகு, எந்தப் பதிலும் கிடைக்காமலே, மெல்ல இறங்கியது. பார்த்து உறுதி செய்யாமலும் அது தணியும் என்று அன்றுதான் கண்டார்.

இடையில் சறுக்கல்களும் உண்டு. ஒருமுறை மறுபடி கடித்துக்கொண்டார்; மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னார். எண்ணம் இன்றும் எட்டிப்பார்க்கும். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பார்.

போன மாதம் மச்சினன் மனைவிக்குப் பிரசவ வலி வந்தது. "நான் அவ கூட உக்காந்துக்கிறேன், நீங்க ஓட்டுங்க மாமா" என்று அவன் சாவியை நீட்டினான். ரொட்டிக்காரர் எந்தப் பள்ளத்துக்கும் திரும்பிப் போகாமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பெண் குழந்தை.

வராந்தாவில் நிற்கும்போது சொன்னார்: "அன்னைக்கு நான் கெஞ்சியும் நீ சொல்லாம இருந்தியே, அதுக்கு உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மச்சான்."

"ஐயோ, இப்பவா இதெல்லாம்?" மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உள்ளே தள்ளினான். "வந்து பாருங்க, அப்படியே எங்க அக்கா மூக்கு."